மூத்தாளுக்குக் கடிவாளம்

என் அண்ணிக்கு வேலை மூக்குக் கண்ணாடிக் கடையில். கண்ணைச் சோதிக்கிறவர் உள்ளறையில் இருப்பார். கண்ணாடி தயாராகி வந்ததும் அதை ஆளின் முகத்தில் உட்கார வைப்பது அண்ணியின் பொறுப்பு. கேட்பதற்குச் சின்ன வேலை மாதிரி இருக்கும். ஆனால் இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருக்கிற மனிதரைத் தான் இதுவரை பார்த்ததே இல்லை என்பாள் அவள். ஒரு காது மேலே, ஒரு காது கீழே, மூக்கு ஒரு பக்கம் சாய்ந்து, எல்லாரையும் கடவுள் ஏதோ அவசரத்தில் செய்து அனுப்பிவிட்டாராம். காதில் மாட்டுகிற காலைச் சூடு காட்டி வளைத்து, போட்டுப் பார்த்து, கழற்றி, மறுபடி வளைத்து, அந்தக் கோணல் முகத்தில் கண்ணாடி நேராக நின்றால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும்.

சின்னப் பிள்ளைகள் வந்தால் இன்னும் வேடிக்கை. முதன்முதலாகக் கண்ணாடி போட வருகிற பிள்ளை, அதை ஏதோ தண்டனை என்று நினைத்துக்கொண்டு தலையைத் திருப்பித் திருப்பிக் கத்தும். பெற்றவர்கள் பிடித்து அழுத்துவார்கள். "கையை எடுங்க, கழுத்து ஒடிஞ்சிடப் போகுது" என்று அண்ணி முதலில் அவர்களை விரட்டுவாள். பிறகு பிள்ளைக்குப் பக்கவாட்டில் போய் உட்கார்ந்து, அதன் முகத்தைப் பார்க்காமல் எதையோ பேசிக்கொண்டே மாட்டுவாள். பிள்ளை அழலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் அவளே கழற்றிவிடுவாள். மறுபடி மாட்டுவாள், மறுபடி கழற்றுவாள். கடைசியில் பிள்ளைக்கே சலித்துப்போய், போட்டதைப் போட்டபடி எழுந்து போகும்.

நான் அவளுடைய நாத்தனார். இரண்டு வீடு தள்ளித் தையல் கடை வைத்திருக்கிறேன். நாத்தனார் என்று ஆன பிறகு அண்ணியைப் பற்றி நாலு குற்றமாவது சொல்லாவிட்டால் ஊர் நம்மை மதிக்காது. நானும் முயன்றுதான் பார்த்தேன். ஆள் குள்ளம். சமையலில் உப்புப் போட்டோமா என்பது அவளுக்கு எப்போதும் சந்தேகம், அதனால் இரண்டு தடவை போடுவாள். பிடிவாதம் பிடித்தால் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது. இதற்கு மேல் ஒன்றும் தேறவில்லை.

என் அண்ணனுக்குக் குதிரை வண்டி. ஊரின் மேட்டுத் தெருக்கள் குறுகல், அதோடு செங்குத்து. லாரி ஏறாது. டிப்போவில் குடிதண்ணீர் கேன்களை ஏற்றிக்கொண்டு போய் அங்கே வீடு வீடாக இறக்குவது அவன் தொழில். கூட ஒல்லி என்று ஒரு கூட்டாளி. பெயருக்கேற்ற உடம்புதான், ஆனால் தோளுக்கு ஒரு கேன் வீதம் வைத்துக்கொண்டு மூச்சு வாங்காமல் படியேறுவான். வண்டி ஓட்டவும் தெரியும்.

குதிரை பெண். பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளையாக ஒரு தீற்றல். அண்ணிக்கு முன்பே அண்ணனிடம் வந்து சேர்ந்துவிட்டது. குட்டியாக வந்ததை அவனேதான் பழக்கினான், யாரிடமும் போய் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. நாங்களெல்லாம் 'அது' என்போம், அவன் மட்டும் 'அவ' என்பான். கல்யாணமாகி வந்த முதல் மாதமே அண்ணி அதற்கு 'மூத்தாள்' என்று பெயர் வைத்துவிட்டாள். "உங்க மூத்தாள் கனைக்கிறா, போய் என்னன்னு கேளுங்க. இளையவ நான் எங்க போயிடப் போறேன், காத்துக்கிட்டு இருக்கேன்" என்பாள். அண்ணன் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போவான்.

மூத்தாளும் லேசுப்பட்டவள் இல்லை. மாடியில் வீடு, கீழே லாயம், நடுவில் முற்றம். முற்றத்துக் கொடியில் எத்தனை துணி காய்ந்தாலும், அண்ணியின் துணியை மட்டும் தேடிப் பிடித்துக் கடித்து இழுக்கும். அண்ணி லாயத்தின் அரைக் கதவைத் தாண்டி உள்ளே போனதே கிடையாது. பயம். வெளியே ஒப்புக்கொள்ள மாட்டாள். "பயமா, எனக்கா? அவ மூஞ்சியப் பாக்கப் பிடிக்கல, அவ்வளவுதான்" என்பாள்.

அப்படி இருக்கும்போதுதான் அண்ணன், மேட்டுத் தெருவில் ஈரப் படியில் கேனோடு வழுக்கி விழுந்தான். இடது தோள் மூட்டு கழன்றுவிட்டது. அவன் இடது கைக்காரன் வேறு. மருத்துவர் மூட்டைச் சேர்த்து, கையை மார்போடு வைத்துக் கட்டி, ஆறு வாரம் அசையக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

ஆள் விழுந்தாலும் வேலை நிற்காது என்றுதான் முதலில் நினைத்தோம். ஒல்லி ஓட்டுவான், கூலிக்கு ஒரு ஆள் கேன் தூக்குவான். குதிரைக்கு வழி மனப்பாடம், எந்த வாசலில் நிற்க வேண்டும் என்பதுகூட அதற்கே தெரியும். ஒன்றே ஒன்றுதான் இடித்தது. மூத்தாள் யாரையும் கடிவாளம் போட விடவில்லை.

அதுவரை அண்ணனைத் தவிர வேறு யாரும் போட்டதில்லை. காய்ச்சல் வந்த நாளில்கூட விடியற்காலையில் கீழே போய்க் கடிவாளத்தைப் போட்டுவிட்டு, வண்டியை ஒல்லியிடம் ஒப்படைத்துவிட்டு வந்து படுத்துக்கொள்வான். இப்போது ஒல்லி கடிவாளத்தோடு பக்கத்தில் போனதும், அது தலையைக் கூரைவரை தூக்கிக்கொண்டது. ஏணி வைத்தாலும் எட்டாது. அண்ணன் பொறுக்க முடியாமல் கட்டுப் போட்ட கையோடு கீழே போய்ப் பக்கத்தில் நின்று சமாதானம் சொன்னான். ஒல்லி மறுபடி வாரைத் தூக்க, குதிரை தலையை ஒரு வீசு வீச, அது அண்ணனின் தோளிலேயே பட்டது. மருத்துவரிடம் மறுபடி ஓட்டம். "இனிமே லாயத்துப் பக்கம் காலை வச்சா எங்கிட்ட வராதீங்க" என்றார் அவர்.

கடிவாளம் இல்லாமல் வெறும் கயிற்றில் ஓட்டவும் முடியாது. கேன்களோடு இறக்கத்தில் வண்டி தள்ளும்போது பிடித்து நிறுத்த வாயில் இரும்பு வேண்டும். குதிரைத் தரகர் ஒருவரை ஒல்லி கூட்டி வந்தான். குதிரைகளோடே வாழ்ந்தவர். கடிவாளத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, கேரட்டை நீட்டியபடி போனார். மூத்தாள் கேரட்டைத் தின்றது, தலையைத் தூக்கியது. இன்னொரு கேரட். தின்றது, தூக்கியது. வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டிப் பார்த்தார், அதுவும் ஆகவில்லை. மறுநாள் வந்தபோது கேரட்டைக் கண்டதுமே தலையைத் தூக்கிக்கொண்டது. கேரட்டுக்குப் பின்னால் என்ன வரும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. தரகருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

டிப்போக்காரர் நல்ல மனிதர், ஆனால் அவர் பாடு அவருக்கு. "மேட்டுத் தெருக்காரங்க தண்ணி இல்லாம என்னை வறுத்தெடுக்கிறாங்க. திங்கக்கிழமை காலையில வண்டி கிளம்பலேன்னா சின்ன மோட்டார் வண்டிக்காரன் ஒருத்தனுக்குக் கொடுத்துடுவேன். கொடுத்துட்டா அப்புறம் பிடுங்க முடியாது, இப்பவே சொல்லிட்டேன்" என்றார். வேலையில்லாத குதிரையை வைத்துத் தீனி போட எங்களால் ஆகாது. வண்டி கிளம்பாவிட்டால் அன்றைக்கே கயிற்றோடு வந்து குதிரையை விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போவதாகத் தரகர் சொன்னார். அண்ணன் கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டான்.

"கொடுத்துடலாம். குதிரைதானே" என்றான். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டான். அன்று ராத்திரி சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணி என் கடைக்கு வந்து, தைத்து வைத்திருந்த துணிகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

"குதிரைதானேன்னு சொல்லிட்டாரு" என்றாள். "நான் மூத்தாள்னு கேலி பண்ணினா சிரிப்பாரு, இல்ல முறைப்பாரு. அதை ஏத்துக்க முடியும். இப்படிச் சொல்லிட்டுச் சுவத்தப் பாத்துப் படுத்துக்கிட்டா என்னால ஏத்துக்க முடியல. நான் போட்டுப் பாக்குறேன்."

"எதை?"

"கடிவாளத்த."

"அண்ணி, உங்க உயரத்துக்கு, நீங்க உள்ள வந்திருக்கீங்கன்னு அதுக்குத் தெரியவே அரை நாள் ஆகும்."

"அதுவும் நல்லதுதான்" என்று எழுந்து போய்விட்டாள். பிடிவாதம் என்று சொன்னேன் அல்லவா?

சாயந்தரம் அண்ணனுக்கு ரொட்டியும் முட்டையும் எடுத்துக்கொண்டு மாடியேறிப் போனேன். உள்ளே ஒரு காட்சி. அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் தலையில் குதிரைக் கடிவாளம். வார் ஒன்று மூக்கின்மேல் தொங்குகிறது. அண்ணன் ஒற்றைக் கையால் அதோடு போராடிக்கொண்டிருக்கிறான்.

"இத்தனை வருஷம் கழிச்சுத்தான் அண்ணிக்குக் கடிவாளம் போட உனக்குத் தைரியம் வந்துச்சா?" என்றேன்.

"சிரிக்காத. எப்படிப் போடுவீங்கன்னு கேட்டா, 'சும்மா போட்டா போட்டுக்கும்'ங்கிறாரு. அதான் எம்மேல போட்டுக் காட்டச் சொன்னேன்" என்று வாருக்குள்ளிருந்து அண்ணி பேசினாள்.

"போடத்தான் பாக்குறேன். தூக்குற கை கட்டுக்குள்ள இருக்கே" என்று அண்ணன் சலித்துக்கொண்டான். விரல்களுக்குப் பிடிபடாமல் வார் நழுவியது. "இரு, மறுபடியும் முதல்லேருந்து வர்றேன்" என்று அறைக் கதவுவரை போய்த் திரும்பி வந்தான். கதவிலிருந்து வந்தால் அவளுடைய இடது தோள்தான் பக்கம். அவனோ ஸ்டூலைச் சுற்றிக்கொண்டு வந்து அவளுடைய வலது பக்கத்தில் நின்றான்.

அண்ணி தலையைத் தூக்கினாள். "ஏன் சுத்திக்கிட்டு வந்தீங்க?"

"எங்க சுத்துனேன்?"

"இந்தப் பக்கமே நின்னிருக்கலாம்ல?"

"அந்தப் பக்கம் நின்னு எவனாச்சும் குதிரைக்குக் கடிவாளம் போடுவானா?" என்றான் அண்ணன், ரொம்ப உறுதியாக.

அண்ணி, கடிவாளத்தைக் கழற்றக்கூடத் தோன்றாமல், அப்படியே எழுந்து நின்று கத்தினாள். "எல்லாரும் அந்தப் பக்கம்தான் நின்னாங்க! நான் ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டே இருந்தேனே! ஒல்லி, தரகர், எல்லாருமே இடது பக்கம்!"

ஊரில் குதிரை வைத்திருப்பவர்கள் எல்லாரும் இடது பக்கம் நின்றுதான் போடுவார்களாம். அதுதான் முறையாம். அண்ணன் யாரிடமும் கற்றுக்கொள்ளாதவன், அதோடு இடது கைக்காரன். தன் கைக்குத் தோதான வலது பக்கத்தில் நின்று பழக்கிவிட்டான். விடியற்காலையில் தனியாகச் செய்கிற வேலை, பார்த்துச் சொல்லவும் ஆளில்லை. தான் நிற்கிற பக்கம்தான் உலகத்துக்கே பக்கம் என்று இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறான். என்ன ஜன்மமோ!

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி லாயத்துக்குள் போனாள். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, குதிரையின் வலது பக்கமாக உட்கார்ந்தாள். நான் அரைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டேன். குதிரையைப் பார்க்கவில்லை. கடிவாளத்தை மடியில் வைத்துத் துணியால் துடைத்துக்கொண்டே, கடைக்கு வருகிறவர்களைப் பற்றி அதனிடம் பேச ஆரம்பித்தாள். "கண்ணாடிய நெத்தியில ஏத்தி வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடுறாங்கடி. அதெல்லாம் பாத்தா நீ எவ்வளவோ தேவலை" என்றாள்.

மூத்தாள் மெல்லத் தலையைக் கொண்டுவந்து அவள் சட்டைக் காலரை மோந்தது. பிறகு கடித்தது. நான் அரைக் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு, "இந்தச் சட்டைக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஆயுசு இருந்துச்சு. பரவாயில்ல, எடுத்துக்க" என்றாள். ஆனால் அசையவில்லை. கொஞ்சம் கழித்து இடது கையைத் தூக்கிக் காதின் அடியைத் தொட்டாள், அது தலையை இழுப்பதற்குள் தானே கையை எடுத்துக்கொண்டாள். மறுபடி தொட்டாள், எடுத்தாள். மத்தியானம் அவள் கையை எடுத்தபோது, அது காதை அவள் பக்கம் கொண்டுவந்து நீட்டியது. சாயந்தரத்துக்குள் வார் இரண்டு காதையும் தாண்டிப் போய் வந்துவிட்டது. வாயில் இரும்பு வைப்பது மட்டும்தான் பாக்கி.

"இன்னைக்கு இது போதும்" என்று அண்ணி எழுந்தாள்.

"நாளைக்குத் திங்கக்கிழமை அண்ணி!" என்று நான் பதறினேன்.

"தெரியும். இப்ப அவ நல்ல மனசோட இருக்கா. இதோட விட்டாத்தான் நாளைக்கும் இப்படியே இருப்பா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முக்கியமான ஒன்றைச் செய்யாமல் நல்ல மனசைப் பற்றிப் பேசிக்கொண்டு போகிறாளே என்று வீடுவரை முணுமுணுத்துக்கொண்டு போனேன்.

திங்கட்கிழமை காலை, லாயத்திலிருந்து வெளியே கொண்டுவந்த மூத்தாளைச் சுற்றி முற்றத்தில் எல்லாரும் இருந்தோம். டிப்போக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, தரகர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒல்லி நகத்தைக் கடித்துக்கொண்டு. மாடி ஜன்னலில் அண்ணனின் தலை. அண்ணி வந்தாள். இரும்பு குளிர்ந்திருக்கக் கூடாது என்று அதை அக்குளில் இடுக்கி வைத்திருந்தாள். குதிரைக்கு வலது பக்கமாகப் போய், வாளியைக் கவிழ்த்து ஏறி நின்றாள். தரகர் வாயைத் திறந்தார். "அந்தப் பக்கம் இல்லம்மா..." நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன்.

இடது கையில் வார், வலது கையில் இரும்பு. கட்டைவிரலைக் கடைவாயில் பல் இல்லாத ஓரத்தில் வைத்தாள். மூத்தாள் ஒரு தடவை கண்ணை உருட்டியது. பிறகு வாயைத் திறந்தது. இரும்பு பல்லில் தட்டும் சின்னச் சத்தம் கேட்டது. வார் வலது காதைத் தாண்டியது, இடது காதைத் தாண்டியது. போட்டாகிவிட்டது!

ஒல்லி துள்ளிக் குதித்தான். "சபாஷ்!" என்றார் டிப்போக்காரர். தரகர் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். அண்ணி மட்டும் வாளியின்மேல் நின்றபடி தலையைச் சாய்த்துக் குதிரையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் கண்ணாடி மாட்டிவிட்டுப் பார்ப்பாளே, அதே பார்வை. பிறகு பக்கிளைத் தளர்த்தி, கடிவாளத்தை முழுவதுமாகக் கழற்றிவிட்டாள்.

"அடிப்பாவி!" என்று மாடியிலிருந்து ஒரு குரல். நாள்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் கிடந்த மனிதனின் குரல், தெருக்கோடிவரை கேட்டிருக்கும். "போட்டதை எதுக்குடி கழட்டுன! உனக்கென்ன பைத்தியமா!"

"காது மடங்கியிருக்கு" என்றாள் அண்ணி, மேலே பார்க்காமலே. "மல்லுக்கட்டும்போது யாரோ வாரை ஒரு ஓட்டை இறுக்கி வச்சிருக்காங்க. இதோட மேடேறி இறங்கினா சாயந்தரம் வரைக்கும் வலிக்கும். வலிச்சா நாளைக்கு எனக்கு முகம் கொடுக்க மாட்டா."

தரகர் தரையைப் பார்த்தார். குதிரை விடுதலையாக நின்றது. தலையைத் தூக்கிக்கொண்டால் போச்சு, எல்லாம் போச்சு. அண்ணி அவசரப்படவே இல்லை. வாளியிலிருந்து இறங்கினாள். வாரின் ஊசியை அடுத்த ஓட்டைக்கு மாற்றினாள். இரும்பைத் தன் சட்டையில் துடைத்தாள். அவள் நிமிர்வதற்கு முன்பே மூத்தாள் தலையைக் கீழே, அவள் மார்புவரை இறக்கிக்கொண்டு வந்து நின்றது. வாளியே தேவைப்படவில்லை. தரையில் நின்றபடியே அண்ணி போட்டு முடித்தாள், காதின் மயிரை விரலால் நீவி வாருக்கு வெளியே எடுத்துவிட்டாள்.

ஒல்லி வண்டியைப் பூட்டிக்கொண்டு போனான். சக்கரச் சத்தம் டிப்போப் பக்கம் திரும்பியதும், அண்ணி கவிழ்ந்த வாளியின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. நான் அழுதேன், அதில் சந்தேகமில்லை.

அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தான். முற்றத்தில் கால் வைக்காமல் கடைசிப் படியில் உட்கார்ந்தான்.

"குதிரைதானேன்னு சொன்னேன்ல" என்றான். "எனக்கே கேக்கச் சகிக்கல."

"தெரியும். அதனாலதான் உள்ள போனேன்" என்றாள் அண்ணி.

"பயமா இல்லையா?"

"செத்துட்டேன்."

அண்ணன் நல்ல கையை நீட்டினான். அவள் எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். குதிரை வாடை இரண்டு பேர்மேலும் அடித்தது.

"பசிக்குது" என்றான் அண்ணன்.